வாடிக்கையும் வாடகையும்

மார்ச் 4

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் நல்லா இருப்பேன்னு நம்புறேன். ஃபோன் பண்ணத்தான் நினைச்சேன். நீ எடுக்கமாட்டே, எடுத்தாலும் ரெண்டாவது வார்த்தையிலயே சண்டை வந்துடும். எழுத்துலன்னா சண்டை போடக் கொஞ்சம் நேரமாவது ஆகும், அதான்.

ஏப்ரனைக் கழட்டி அடுப்பு மேடையில வீசிட்டுப் போனப்ப நீ ஒண்ணு சொன்னே. நீ இல்லாம இந்த ஓட்டல் மழைக்காலம் வரைக்கும் தாங்காதுன்னு. மழைக்காலம் வந்து போயிடுச்சு அக்கா. ஓட்டல் இருக்கு. சும்மா இல்லை, கூட்டம் வழியுது. தெருப்பக்கம் கண்ணாடி ஜன்னல் ஓரமா இருக்கற மேஜை எதுவும் மத்தியானத்துல காலியா இருக்கறதில்லை. வாசல்ல ஆளுங்க வரிசையில நிக்கறாங்க. தெருவுல போறவங்க நின்னு எட்டிப் பார்த்து, என்ன விசேஷம்னு கேட்டுட்டு அவங்களும் வரிசையில சேர்ந்துக்கறாங்க. எதிர்க்கடைக்காரர் கல்லாவுல கையை ஊன்றிக்கிட்டு எங்க வாசலையே பார்த்துட்டு இருக்கார். புது சமையல்காரர் பரவாயில்லை. உன் கைப்பக்குவம் வரலை, ஆனா அவர் என்கிட்ட கோவிச்சுக்கறதில்லை.

இதைச் சொல்லத்தான் எழுதுறேன். பெருமைக்கு இல்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

ஒரு சந்தேகம். நீ உள்ள இருந்தப்ப, சாப்பிட வர்றவங்கள்ல யாரு நிஜமா பசிச்சு வந்தவங்க, யாரு சும்மா வந்தவங்கன்னு உனக்குத் தெரியுமா? தெரியும்னா எப்படித் தெரியும்? சும்மாதான் கேக்குறேன்.

இவர் லாரியோட வடக்கே போயிருக்கார். மாசக் கடைசிக்குத்தான் வருவார். வீட்டுல நான் மட்டும்தான். தூக்கம்தான் சரியில்லை. வேற ஒண்ணும் இல்லை.

உன் தங்கை


மார்ச் 9

சின்னவளுக்கு,

உன் கடுதாசி வந்தது. கூட்டம் வழியுதுன்னு எழுதியிருக்கே, சந்தோஷம். ஆனா சந்தோஷமா இருக்கறவ எழுதின மாதிரி இல்லையே. நாலு இடத்துல எழுதி அடிச்சிருக்கே. சின்ன வயசுல பரீட்சையில தோத்துட்டு வந்தாலும் நீ இப்படித்தான் முதல்ல பெருமையடிப்பே.

நான் இருக்கற இடத்தையும் சொல்லிடறேன். ஆஸ்பத்திரி கேன்டீன்ல சமையலுக்கு நான்தான் தலை. கூட ரெண்டு பேர் இருக்காங்க. இங்க யாரும் ஆசைப்பட்டு வர்றதில்லை. உள்ள படுத்திருக்கறவங்களோட சொந்தக்காரங்க, ராவெல்லாம் கண் முழிச்சவங்க, என்ன சாப்பிடறோம்னே தெரியாம சாப்பிட்டுப் போறவங்க. விளம்பரம் வேண்டாம், பலகை வேண்டாம், உன் அருமைக் கூப்பனும் வேண்டாம். போறவங்ககிட்ட "மறுபடி வாங்க"ன்னு சொல்லக்கூடாதுங்கறதுதான் இங்க முதல் சட்டம். நான் வந்த புதுசுல பழக்கதோஷத்துல ஒருத்தர்கிட்ட சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

நீ கேட்டதுக்குப் பதில், தட்டு. முகத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, எல்லாருக்கும் சிரிக்கத் தெரியும். திரும்பி வர்ற தட்டைப் பாரு. பசிச்சு வந்தவன் தட்டு ஒரு மாதிரி வரும், பிடிக்காதவன் தட்டு ஒரு மாதிரி வரும். எதை ஒதுக்கி வச்சிருக்கான், எதை வழிச்சுச் சாப்பிட்டிருக்கான்னு பார்த்துதான் அடுத்த நாள் நான் என்ன செய்யறதுன்னு முடிவு பண்ணுவேன். உனக்கு அதெல்லாம் தெரியாது. நீ கல்லாவுல இருந்தே. "உன் சமையல்ல ருசி இருந்தா நான் ஏன் பாதி விலைக் கூப்பன் அடிக்கிறேன்"னு கேட்டவதானே நீ. நான் இன்னும் மறக்கலை.

எதுக்குக் கேட்டே? உள்ளதைச் சொல்லு.

அக்கா


மார்ச் 14

அக்கா,

தட்டைப் பார்த்தேன். பாத்திரம் கழுவற இடத்துக்குப் பக்கத்துல போய் நின்னுக்கிட்டேன். ஜன்னலோர மேஜையிலருந்து வந்ததெல்லாம் பாதிக்கு மேல அப்படியே இருந்துச்சு. சோத்தைக் கிளறி விட்டிருக்காங்க, மீனைப் பிச்சுப் போட்டிருக்காங்க, வாயில வைக்கலை. அது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சதைக் கண்ணால பார்க்கணும்னுதான் உன்கிட்ட கேட்டேனோ என்னவோ.

அவங்க வாடிக்கை இல்லை அக்கா. வாடகை.

எல்லாத்தையும் சொல்லிடறேன், திட்டாதே. திட்டினாலும் பரவாயில்லை, பதில் போடு. நீ போனதும் இன்னும் நிறையக் கூப்பன் அடிச்சேன். பாதி விலைக்குக் கூட்டம் அள்ளிக்கிட்டு வந்துச்சு. முழு விலை போட்ட அன்னைக்கே காணாமப் போயிடுச்சு. எதிர்க்கடைக்காரர் அதே வாரம் அவர் ஓட்டல்ல சாப்பிட்டா ஐஸ்கிரீம் இலவசம்னு பலகை வச்சார், எல்லாரும் அங்க போயிட்டாங்க. நான் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். அப்ப ஒருத்தர் வந்தார். சட்டை கசங்காம, மெதுவாப் பேசற ஆள். பேர் சொல்லலை. நான் மனசுக்குள்ள கூட்டக்காரர்னு வச்சுக்கிட்டேன். ஒரு டீ குடிச்சார். என் ஓட்டலைச் சுத்திப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"காலியா இருக்கற ஓட்டலுக்குள்ள யாரும் காலை வைக்கமாட்டாங்க மேடம். சாப்பாடு எப்படி இருக்குமோன்னு இல்லை. தனியா மாட்டிக்குவோமோன்னு ஒரு பயம். அந்தப் பயத்தை நான் எடுத்துடறேன்."

எடுத்துட்டார். தினமும் மத்தியானம் ஆள் அனுப்புவார். நல்லா உடுத்தி, ஜன்னலோரமா உக்காந்து, சிரிச்சுப் பேசி, சாப்பாட்டைப் படம் எடுத்துக்கிட்டு இருப்பாங்க. வெளிய கொஞ்சம் பேர் வரிசையில நிப்பாங்க. பார்த்தவங்க தானா வந்தாங்க அக்கா, நிஜ ஆளுங்க. நான் பொய் சொல்லலை, அது வேலை செஞ்சுது. அதனாலதான், இனிமே போதும், எனக்கே ஆள் வர்றாங்க, நிறுத்திக்கலாம்னு அவர்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சார். தாராளமா நிறுத்திக்கலாம், ஆனா கூட்டத்தை வான்னு சொல்றதுதான் தன் தொழில், வராதேன்னு சொல்லிப் பழக்கமில்லைன்னார்.

மறுநாள் கடை திறந்ததும் வந்தாங்க. எல்லா மேஜையும் நிறைஞ்சுது. ஆளுக்கு ஒரு டீ சொன்னாங்க. யாரும் குடிக்கலை. யாரும் பேசலை. ஃபோனைக்கூட எடுக்கலை. கையை மேஜை மேல வச்சுக்கிட்டு எல்லாரும் என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. அவ்வளவு பேர் இருக்கற இடத்துல ஒரு கரண்டிச் சத்தம் கேக்கலைன்னா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. உள்ள பாத்திரம் கழுவற தண்ணிச் சத்தம் மட்டும். நிஜமா சாப்பிட வந்தவங்க கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்துட்டு அப்படியே பின்வாங்கிப் போனாங்க. சர்வர் அண்ணன் என் பக்கத்துல வந்து, என்னம்மா இது சாவு வீடு மாதிரி இருக்குன்னார். நான் கல்லாவை விட்டு எழுந்திரிக்கவே இல்லை. சாயங்காலம் எழுந்து, டீக்குக் காசு குடுத்து, ஒவ்வொருத்தரா என்னைப் பார்த்து, "தேங்க்ஸ் மேடம், நாளைக்கு வர்றோம்"னு சொல்லிட்டுப் போனாங்க.

அன்னைக்கே கூட்டக்காரருக்குச் சொல்லி அனுப்பிட்டேன், பழையபடியே இருக்கட்டும்னு. அவர் கூடக் கேட்ட காசையும் குடுத்தேன். நீ திட்டுவேன்னு தெரியும்.

இப்ப என் பயம் அதுகூட இல்லை. யாரு நிஜம், யாரு அவர் ஆளுன்னு எனக்குத் தெரியலை. நேத்து ஒரு வயசான புருஷன் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

உன் தங்கை


மார்ச் 18

சின்னவளே,

உன் கடுதாசியைப் படிச்சுட்டு சூப்புக்கு உப்புப் போட்டேனா இல்லையான்னு மறந்துட்டு ரெண்டு தரம் போட்டேன். அத்தனையும் கொட்ட வேண்டியதாப் போச்சு. திட்டாதேன்னு எழுதியிருக்கே. திட்டற நிலைமையில நானும் இல்லை.

முதல் வேலையா மாப்பிள்ளைகிட்ட சொல்லு. லாரி ஓட்டறப்ப வேண்டாம், வண்டியை நிறுத்திச் சாப்பிடற நேரமாப் பார்த்துக் கூப்பிடு. ரெண்டாவது, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ. தனியாப் போகாதே, சர்வர் அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போ. வீட்டுல உள்தாழ்ப்பாள் சரியா விழுதான்னு பாரு, உன் வீட்டுக் கதவு எப்பவும் ஒரு பக்கம் இடிக்கும்.

இன்னொண்ணு கேக்கறேன். இதைக் கேக்காம எனக்கு இருக்க முடியலை. நம்ம ஆளுங்க என்ன ஆனாங்க? மிளகு போடாத சூப்பு கேக்கற கண்ணாடி வாத்தியார். வெயில்ல வந்து மின்விசிறிக்குக் கீழ மட்டும்தான் உக்காருவேன்னு அடம் பிடிக்கற தபால்காரம்மா. பல் கட்டின தையல்காரர், அவருக்குன்னு சோத்தை இன்னும் கொஞ்சம் குழைய விடுவேனே. கூட்டக்காரனோட ஆளுங்களுக்கு இடம் வேணும்னு அவங்களை வெளிய நிக்க வச்சியா?

புதுசா ஒருத்தரை உள்ள இழுக்க ஆயிரம் வித்தை இருக்கு. கூப்பன், ஐஸ்கிரீம், கூட்டம், என்ன வேணா பண்ணலாம். ஒரு தரம் வந்தவரை மறுபடி வர வைக்க, அவரு வந்தது உனக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். வராத அன்னைக்கு, ஏன் வரலைன்னு தோணணும். இதைத்தான் உனக்கு அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீ சொல்ல விடலை.

உடனே பதில் போடு. ரெண்டு வரியா இருந்தாலும் போதும்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

வாத்தியாரைப் பத்திக் கேட்டே. ஆமா, நிக்க வச்சேன். கொஞ்ச நேரம் நின்னார், அப்புறம் குடையை விரிச்சுக்கிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் வரலை. மத்தவங்களும்தான். இதுக்கு மேல அதைப் பத்தி என்னால எழுத முடியலை.

ஸ்டேஷனுக்குப் போனேன். அங்க இருந்தவர் பேனாவை எடுத்து வச்சுக்கிட்டு நான் சொன்னதை எல்லாம் கேட்டார். எழுதவே இல்லை. ஆளுங்க வந்தாங்க, டீ சொன்னாங்க, காசு குடுத்தாங்க, தேங்க்ஸ் சொன்னாங்க, இதுல குத்தம் எதும்மான்னு கேட்டார். ஓட்டலுக்கு ஆள் வர்றாங்கன்னு புகார் குடுக்க வந்த முதல் ஆள் நான்தானாம். பக்கத்து மேஜைக்காரர் சிரிச்சுட்டார். எனக்கே என் கதை பைத்தியக்காரத்தனமாத்தான் கேட்டுச்சு.

இவர்கிட்ட சொன்னேன். ஓட்டலை வித்துடலாம், உசிரு முக்கியம்னு மட்டும் சொன்னார். லோடு இறக்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார்.

இப்ப நடந்ததைச் சொல்றேன். வாடகைக் கூட்டத்துல ஒருத்தி இருக்கா. நீலச் சால்வை போர்த்திக்கிட்டு வருவா. தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டா. மத்தவங்க ஒதுக்கினதைக்கூட பைக்குள்ள மடிச்சு வச்சுப்பா. அந்தக் கூட்டத்துல பசிச்சு வந்தவ அவ ஒருத்திதான். சர்வர் அண்ணன்கிட்ட சொல்லி அவளுக்கு மட்டும் கொஞ்சம் கூடப் போடச் சொல்லியிருந்தேன். நேத்து கை கழுவற இடத்துல என் பக்கத்துல வந்து நின்னா. குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டு, தண்ணியைப் பார்த்துக்கிட்டே பேசினா.

"நாளைக்குக் கடையைத் திறக்காதீங்க. சாப்பிட்டுட்டு நான்தான் கீழ விழணும். வாயில நுரை வர்றதுக்கு ஏதோ குடுத்திருக்காங்க. மத்தவங்க படம் எடுப்பாங்க. எனக்கு இஷ்டமில்லை."

அவ்வளவுதான் சொன்னா. ஏன்னு கேக்கறதுக்குள்ள போயிட்டா. ஏன்னு எனக்கும் தெரியும். போன வாரம் கூட்டக்காரருக்குக் குடுக்க வேண்டியதை நான் குடுக்கலை. என்கிட்ட இல்லை.

இன்னைக்குத் திறக்கலை. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, வாசல் கேட் பக்கத்துல கூட்டக்காரர் நிக்கறார். அதே கசங்காத சட்டை. கடை திறக்கலையே, உடம்புக்கு முடியலையான்னு அக்கறையா விசாரிச்சார். நான் ஏதோ உளறினேன். போறப்ப திரும்பிப் பார்த்து, அக்கா சௌக்கியமா, ஆஸ்பத்திரி கேன்டீன்ல எப்பவும் நல்ல கூட்டமாமேன்னு கேட்டார்.

நான் உன்னைப் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை அக்கா. உன் கடுதாசியைக் கல்லா மேல வச்சிருந்தேன். கவர்ல நீ உன் விலாசம் எழுதியிருக்கே. அவர் ஆள் யாரோ பார்த்திருக்கணும். என்னாலதான். ஜாக்கிரதையா இரு. உன் கேன்டீன்ல யாராவது சும்மா உக்காந்திருந்தா பக்கத்துல போகாதே.

இதை எங்க தெருப் பெட்டியில போடப் போறதில்லை. பஸ் ஏறிப் போய் வேற இடத்துல போடறேன். நீலச் சால்வைக்காரியை நினைச்சா இன்னும் பயமா இருக்கு. விழ வேண்டியவ விழலைன்னா அவளை என்ன பண்ணுவாங்க?

உன் தங்கை


மார்ச் 29

சின்னவளே,

நீ எழுதினதைப் படிச்ச மறுநாள் இங்க ஒண்ணு நடந்துச்சு. அதை உன்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும்.

காலையில ஒருத்தர் வந்தார். மூலை மேஜையில உக்காந்தார். ஒரு டீ வாங்கினார், தொடலை. ஆடை படிஞ்சு போச்சு. கையை மேஜை மேல வச்சுக்கிட்டு நான் நிக்கற பக்கமே பார்த்துட்டு இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் வந்து போயிடுச்சு, ஆள் நகரலை. எனக்கு வேர்த்துக் கொட்டுது. கூட இருந்தவங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க. கரண்டியை எங்க வைக்கறேன்னு தெரியாம வச்சேன். கடைசியில என்னை மீறி நேரா அவர் எதிர்ல போய் நின்னு, யாரு உன்னை அனுப்பினாங்க, எந்திரி, வெளிய போன்னு கத்திட்டேன். கேன்டீனே திரும்பிப் பார்த்துச்சு.

அவர் எழுந்து நின்னார். "என் சம்சாரம் உள்ள ஆபரேஷன்ல இருக்கும்மா. கூப்பிடறவரைக்கும் எங்க உக்கார்றதுன்னு தெரியலை"ன்னார். மன்னிச்சுக்கங்கன்னு என்கிட்ட அவர் கேட்டார். நான் நின்ன இடத்துக்கு மேலதான் ஆபரேஷன் முடிஞ்சவங்க பேரைக் காட்டற பலகை இருக்கு. அவரு அதைப் பார்த்துட்டு இருந்திருக்கார். என்னை இல்லை.

அவரைத் திரும்ப உக்கார வச்சேன். டீயை எடுத்துட்டு வேற சூடா வச்சேன். அப்புறம் ஸ்டோர் ரூம்ல போய் அரிசி மூட்டை மேல உக்காந்து அழுதேன். நான் அழுது நீ பார்த்திருக்க மாட்டே.

அவன் இங்க யாரையும் அனுப்பவே இல்லைடி. ஒரு வார்த்தை சொன்னான், அவ்வளவுதான். மிச்சத்தை நானே பண்ணிக்கிட்டேன். பசியோட வர்றவனைப் பார்த்து நானே பயந்துட்டா, அப்புறம் நான் எதுக்கு அடுப்பு முன்னாடி நிக்கறேன்?

யோசிச்சுப் பார்த்தேன். அவன் கையில அப்படி என்ன இருக்கு? நீ வெட்கப்பட்டு வெளிய சொல்லமாட்டேங்கற ஒண்ணுதான். கூட்டம் வாடகைன்னு தெரிஞ்சா உன் மானம் போயிடும்னு நீ பயப்படறே. அந்தப் பயத்துலதான் அவன் குடித்தனம் பண்றான். இப்படி உன் ஒருத்திகிட்டதான் பண்ணுவானா? வேற யார்கிட்டயோ இதே தொழில் பண்ணிக்கிட்டுத்தானே இருப்பான். ஸ்டேஷன்ல நீ ஒருத்தியாப் போய் நின்னா சிரிப்பாங்க. அதுக்கு மேல எனக்கு வழி தெரியலை. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா வாயை மூடிக்கிட்டு இருக்காதே.

என் விலாசம் எழுதாம கவர் அனுப்பறேன். உள்ள நான்தான்னு கையெழுத்தைப் பார்த்தா தெரியும்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

நீ அழுதேன்னு படிச்சதும் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. சின்ன வயசுல கிணத்துல விழுந்தப்பகூட நீ அழலை.

கடையைத் திறக்கவே இல்லை. தினமும் போய் ஷட்டருக்குப் பின்னாடி உக்காந்திருப்பேன், வீட்டுல தனியா இருக்கறதுக்கு அது பரவாயில்லைன்னு. வியாழக்கிழமை மத்தியானம் எதிர்க்கடையில ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். அங்க கண்ணாடியோரமா உக்காந்திருந்தவங்க எல்லாரும் எனக்குத் தெரிஞ்ச முகம். என் மேஜையில உக்காந்து மீனைப் பிச்சுப் போட்ட அதே ஆளுங்க. நடுவுல நீலச் சால்வை.

அவ உயிரோட இருக்கான்னு ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு. அடுத்த நிமிஷம் கவனிச்சேன். அவ சாப்பிடலை. தட்டு முழுசா இருக்கு. மடியில ஒரு சின்னக் குப்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு இருக்கா.

எதிர்க்கடைக்காரருக்கும் எனக்கும் பேச்சு இல்லைன்னு உனக்குத் தெரியும். அவர் ஐஸ்கிரீம் பலகையை நானும், என் கூப்பன் பலகையை அவரும் மாத்தி மாத்தி மனசுக்குள்ள கல்லால அடிச்சவங்க. அவர் கடை போனா எனக்கு நல்லதுன்னு ஒரு நினைப்பு வந்து போச்சு, பொய் சொல்லலை. ஆனா கால் தானா ரோட்டைத் தாண்டிடுச்சு. ஒரு வண்டிக்காரன் திட்டிட்டுப் போனான். நேரா உள்ள போய் கல்லாவுல நின்னவர்கிட்ட, உங்க ஜன்னலோரக் கூட்டம் வாடகைக்கு வந்தது, அந்த நீலச் சால்வைக்காரி இப்ப கீழ விழப் போறா, எல்லாரும் படம் எடுப்பாங்க, நான் குடுக்காததால எனக்கும் இதைத்தான் பண்ணப் பார்த்தாங்கன்னு சொன்னேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். மானம் போனாப் போகட்டும்னு.

அவர் சண்டைக்கு வருவார்னு நினைச்சேன். முகம் வெளிறிப் போச்சு. கல்லா மேஜையைப் பிடிச்சுக்கிட்டு, ரொம்ப மெதுவா, "உங்களுக்குமா?"ன்னு கேட்டார்.

அந்த ஒரு வார்த்தையில எனக்கு எல்லாம் புரிஞ்சுது அக்கா. ஆறு மாசமா அவர் என் வாசலைப் பார்த்துப் பொறாமைப்படறார்னு நினைச்சேன். அவரு பயத்துல பார்த்துட்டு இருந்திருக்கார். கூட்டக்காரன் அவர்கிட்ட என்னைக் காட்டி, மேடம் கடையைப் பாருங்க, நீங்க நிறுத்தினா மொத்தக் கூட்டமும் அங்க போயிடும்னு சொல்லியிருக்கான். என்கிட்ட அவரைக் காட்டி அதையேதான் சொன்னான். அவரும் இந்த வாரம் குடுக்கலையாம்.

கூட்டம் கப்புனு அடங்கிடுச்சு. நீலச் சால்வைக்காரி எழுந்தா. குப்பியைக் கல்லா மேல கொண்டு வந்து வச்சா. நான் விழலைன்னு சொன்னா. யார்கிட்ட சொன்னாளோ தெரியாது. மத்தவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டு, ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க.

அன்னைக்கே ஸ்டேஷனுக்குப் போனோம். போற வழியில ரொட்டிக்கடைக்காரம்மாவும் மூலை ஜூஸ் கடைக்காரரும் சேர்ந்துக்கிட்டாங்க. அவங்ககிட்டயும் அதே கதைதான். யாரும் யார்கிட்டயும் சொல்லலை, அவ்வளவுதான். இந்தத் தடவை அங்க யாரும் சிரிக்கலை. முதல்ல நீலச் சால்வைக்காரிதான் பேசினா. போன தடவை எழுதாதவர் இப்ப எழுத எழுதப் பேனா மை தீர்ந்து வேற பேனா எடுத்தார். ரெண்டு நாள்ல கூட்டக்காரரைப் பிடிச்சுட்டாங்க. இவரும் வந்துட்டார். கதவுத் தாழ்ப்பாளைச் சரி பண்ணிக் குடுத்தார்.

ஆனா பயம் போகலை. ஆளைப் பிடிச்சாங்க சரி, கூட்டம் வெளியதானே இருக்கு? பஸ்ல, கடைத்தெருவுல, எங்க பார்த்தாலும் எங்கயோ பார்த்த முகமா இருக்கு. ஓட்டலை விக்கலாம்னு இவர் இன்னும் சொல்றார்.

உன் தங்கை


ஏப்ரல் 10

சின்னவளுக்கு,

படிச்சேன். ரெண்டு தரம் படிச்சேன். ரோட்டைத் தாண்டறப்ப ரெண்டு பக்கமும் பார்த்துத் தாண்டணும்னு உனக்கு இன்னும் யாராவது சொல்லித் தரணுமா?

விக்காதே. இப்போதைக்கு விக்காதே. பயத்துல வித்தா பயம்தான் விலை வைக்கும். பாதி மேஜையை எடுத்து உள்ள போடு. இலவசம், தள்ளுபடி, எந்தப் பலகையும் வேண்டாம். நாலு ஐட்டம் மட்டும் போடு, அதை ஒழுங்காப் போடு. புதுச் சமையல்காரர்கிட்ட மீன் வறுக்கறப்ப அடுப்பைக் குறைக்கச் சொல்லு. நீ எழுதினதை வச்சே சொல்றேன், அவர் அவசரக்காரர். வாத்தியார் வீடு எங்கன்னு தபால்காரம்மாவுக்குத் தெரியும். போய்ப் பாரு. சாப்பிட வாங்கன்னு கூப்பிடாதே. எப்படி இருக்கீங்கன்னு மட்டும் கேட்டுட்டு வா. வர்றதும் வராததும் அவர் இஷ்டம்.

முதல் நாள் யாரும் வராமப் போகலாம். கதவுக்கு எதிர்லயே உக்காந்து தெருவை வெறிக்காதே, பார்க்கறவங்களுக்கு உன் பயம் தெரியும். ஏதாவது வேலை பாரு. வெங்காயம் உரி.

மூணு பக்கம் எழுதியிருக்கே. அந்தக் கூப்பன் பேச்சுக்கு ஒரு வார்த்தை இருக்கும்னு பின்பக்கம் வரைக்கும் திருப்பிப் பார்த்தேன். இல்லை. பரவாயில்லை.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

பின்பக்கம் திருப்பாதே, முதல் வரியிலயே சொல்றேன். நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. உன் சமையல்ல ஒரு குறையும் இல்லை. கடை வாடகை குடுக்க வழி தெரியாத பயத்துல உன் மேல பாய்ஞ்சேன். இதை எழுத ஒரு சண்டையும் இவ்வளவு நாளும் தேவைப்பட்டுச்சு.

வாத்தியாரைப் பார்த்தேன். நல்லா இருக்கார். வர்றேன்னும் சொல்லலை, வரமாட்டேன்னும் சொல்லலை. வெளிய வந்து தெரு முனை வரைக்கும் கூட நடந்து வந்தார்.

நேத்து திறந்தேன். நீ சொன்னபடி வெங்காயம் உரிச்சேன். உரிச்சு உரிச்சு ஒரு கூடை ஆயிடுச்சு. யாரும் வரலை. எதிர்க்கடைக்காரர் அவர் வாசல்ல நின்னு என்னைப் பார்த்துக் கையை விரிச்சார், அங்கயும் யாரும் இல்லைங்கற மாதிரி. ரெண்டு பேரும் சிரிச்சோம். எங்களுக்குள்ள அதுதான் முதல் சிரிப்பு.

மூணு மணிக்கு மேல வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. கதவைத் தள்ளிக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. கூட ஒரு வயசுப் பொண்ணு, கையில துணிப்பை. ரெண்டு பேரையும் நான் முன்னப்பின்ன பார்த்ததில்லை. ஜன்னலோர மேஜைக்கு நேராப் போனாங்க. கத்தியைக் கீழ வச்சேனா, கையிலயே வச்சிருந்தேனான்னு தெரியலை. வாங்கன்னு சொல்லணும். அதுக்குப் பதிலா என் வாயிலருந்து, "யாரு உங்களை அனுப்பினாங்க?"ன்னு வந்துடுச்சு.

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "யாரும் அனுப்பலைங்க. மழை வருது, பசிக்குது. உக்காரலாமா?"

உக்காருங்கன்னு சொன்னேன். தண்ணி வைக்கறப்ப மேஜையில கொட்டிட்டேன். அந்தப் பொண்ணே துடைச்சுடுச்சு. சோறும் மீனும் சாப்பிட்டாங்க. மெதுவாச் சாப்பிட்டாங்க. மழை பெய்ஞ்சு ஓயற வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தாங்க, வீட்டுல யாருக்கோ கல்யாணம் பத்தி. நான் கல்லாவுல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். யாரோ சொல்லிக் குடுத்துப் பேசற பேச்சா, நிஜப் பேச்சான்னு. பாதிக்கு மேல அதை மறந்துட்டேன், அந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதான்னு எனக்கே கவலையாயிடுச்சு.

எழுந்து காசு குடுத்தாங்க. மறுபடி வாங்கன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரலை. கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னேன். படி இறங்கினதும் அந்த அம்மா திரும்பிப் பார்த்து, ஞாயித்துக்கிழமை கடை உண்டான்னு கேட்டாங்க. வீட்டுல எல்லாரும் வருவோம்னாங்க.

உண்டுன்னு சொல்லிட்டேன். சும்மா கேட்டாங்களா, நிஜமா வருவாங்களா, வந்தா எத்தனை பேர் வருவாங்க, யாரோடெல்லாம் வருவாங்க, ஒண்ணும் தெரியாது. இவர் மறுபடி லோடுக்குப் போயிட்டார். சமையல்காரர் இன்னும் அடுப்பைக் குறைக்கமாட்டேங்கறார்.

அக்கா, சனிக்கிழமை ராத்திரி வண்டிக்கு ஏறிடு.

உன் தங்கை